குறுக்கீடு

முத்தொரையில் மார்கழி.
கேரட் பாத்திகளில் உறைபனி உப்பாய்க் கிடந்தது.
அரைக் கிலோமீட்டர் நீளத் தொலைநோக்கி
மலைச்சரிவில் படுத்துக்கொண்டு
பால்வெளிக்கு அப்பாலிருந்து வரும் எதையோ
கேட்டுக்கொண்டிருந்தது.
தொலைநோக்கி என்கிறோம். அது எதையும் பார்ப்பதில்லை.
காதுதான், முழுக்க எஃகுக் கம்பி.

பூமியின் அச்சுக்கு இணையாக அதைக் கிடத்தப்
பதினோரு டிகிரி சரிந்த மலை வேண்டியிருந்ததாம்.
தேடினார்கள், இங்கே இருந்தது.
இதைச் சொல்லும்போதெல்லாம் அருளப்பன் சார்
கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொள்வார்.
எனக்கு அது, என் மாமா உருளைக்கிழங்கு போட்டு
நட்டப்பட்ட மலை.

இரவு இரண்டு நாற்பதுக்குத் திரையில் கோடு எகிறியது.
முள்முள்ளாய், ஒழுங்காய், நிற்காமல்.
உங்க ஊர்ப்பக்கமா என்றார்.
எனக்குத் தெரியும் அந்தக் குரல்.
ஒசஹட்டியில் ஹெத்தை ஹப்ப.
ஊர்ப் பணத்தில் மச்சான் லிங்கன்
பழையதாய் வாங்கிவந்த பெட்ரோல் ஜெனரேட்டர்,
அதன் ஸ்பார்க் பிளக்
குவேசாருக்கு மேல் கத்திக்கொண்டிருந்தது.

ஒரு பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்ல முடியுமா?
கேட்டது அவர். போக வேண்டியது நான்.

டீசல் ஜீப்பில் இறங்கினேன்.
பெட்ரோல் வண்டியை இங்கே விடமாட்டார்கள்,
அதே பிளக் தொல்லை.
வளைவுகளில் ரமிதா நினைப்பு.
மூன்று வயதில் அவளுக்கு மூளைக்காய்ச்சல்.
ஊட்டி ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்கொரு ஊசி.
வெளியே நான் ஹெத்தைக்கு நேர்ந்துகொண்டு
வெறும் வயிற்றோடு.
ஆறாம் நாள் கண் திறந்து பிஸ்கட் கேட்டாள்.

எது வேலை செய்தது?
முறை எனக்குத் தெரியும்.
ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும்.
அதற்கு இரண்டு குழந்தைகள் வேண்டும்.
எனக்கு ஒருத்தி.

ஊசியை ஒருநாளும் நிறுத்தியிருக்க மாட்டேன்,
அந்த அளவுக்கு என்னை எனக்குத் தெரியும்.
விரதத்தையும் நிறுத்தவில்லை.
இதற்குத்தான் இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை.

கோயிலருகே செருப்பைக் கழற்றினேன்.
புல் கண்ணாடியாய் நொறுங்கியது.
லிங்கன் முறைத்தான்: சாமிக்கு வெளிச்சம் வேண்டாமா?
பூசைக்காரப் பையன், பன்னிரண்டு வயதிருக்கும்,
நெய்விளக்கு எரியுதே என்றான்.

நிறுத்தினார்கள்.
இருநூறு பேர், வெள்ளைத் துணி, வெள்ளை மூச்சு.
நட்சத்திரங்கள் திடீரென்று கூடிவிட்டது போலிருந்தது.
கூடவில்லைதான்.
யாரோ இருமினார்கள்.
கரண்ட் ஏன் போச்சு என்றது ஒரு குழந்தை.
பதினோரு நிமிஷம்.
கடிகாரம் பார்க்க வேண்டியவன் நான்,
கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டில் எழுதியது:
3:05 முதல் 3:16 வரை சுத்தம்.
காரணம், ஜெனரேட்டர் நிறுத்தம்.
ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மறுவாரம் ஸ்டோரில் கேட்டு வாங்கி
பிளக்குக்கு ஒரு சப்ரஸர் கேப் மாட்டிவிட்டேன்.
ஆய்வகப் பேரேட்டில் அது
குறுக்கீடு தடுப்பு, எண்ணிக்கை ஒன்று, திரும்பாது.
கோயில் ரசீதில்
காணிக்கை, தொப்பி ஒன்று.
கணக்குப் பார்க்க வந்தவர்
தொப்பி எந்தச் சாமிக்கு என்று கேட்டாராம்.

இந்த மார்கழியும் கோடு லேசாக நடுங்குகிறது.
முழுக்க அடங்கவில்லை.
அருளப்பன் சார் திரும்பிப் பார்க்கிறார்.
எங்க ஊர்தான் சார் என்கிறேன்.
அந்த நொடிகளை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு
மிச்சத்தை ஆய்வுக்கு அனுப்புகிறேன்.

வெட்டியதை அழித்துவிட வேண்டும் என்பது விதி.
தனிக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.
அதற்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது.
வெகுநேரம் யோசித்து,
இதர, என்று வைத்தேன்.